பூசும் கையும் வாழும் வீடும்: சிரங்கு மருந்துகளைச் சோதித்த இருநூறு ஆண்டுகள்

லாச்சப்பல் நிலையத்தில் 2ஆம் இலக்க மெத்ரோவில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் கொலொனெல் ஃபபியன். இறங்கிக் கொஞ்சம் நடந்தால் சென் லூயி மருத்துவமனையின் பழைய மதில் கண்ணில் படும். 1607இல், பாரிஸைப் பிளேக் வாட்டி எடுத்த காலத்தை அடுத்து, நான்காம் ஆன்றி மன்னன் கட்டத் தொடங்கிய இடம் இது. 1801 முதல் தோல் நோய்களுக்கான மருத்துவமனையாக மாறி உலகப் பெயர் பெற்றது. லாச்சப்பலுக்குக் கறிவேப்பிலையும் கருவாடும் வாங்க வரும் நம் சனத்தில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ: நம் வீடுகளில் வெளியே சொல்லக் கூசும் சிரங்குக்கு, எந்த மருந்து கேட்கும் என்பதை உலகம் கற்றுக்கொண்ட இடங்களில் இது முதன்மையானது.

பிரெஞ்சில் இந்த நோய்க்கு 'ல கால்' என்று பெயர். ஊரில் சொறி, சிரங்கு, கடி என்று பல பெயர். ஆர்ஜொந்தெயிலோ லாச்சப்பலிலோ அறையைப் பகிர்ந்து வாழும் பெடியன்களுக்கும், பள்ளியிலிருந்து பிள்ளை கொண்டுவந்த கடியால் தூக்கம் இழந்த தாய்க்கும் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: எந்தப் பூச்சு மருந்து நல்லது? இந்தக் கேள்விக்கு மருத்துவ உலகம் இருநூறு ஆண்டுகளாக விடை தேடி வந்திருக்கிறது. அந்தத் தேடலை முழுவதுமாகப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாகும் உண்மை இது: பூச்சு மருந்தைச் சோதிப்பவர்கள் மருந்தை மட்டும் சோதிக்கவில்லை. அதைப் பூசும் கையையும், பூசிக்கொண்டவர் திரும்பிப் போகும் வீட்டையும் சேர்த்தே சோதிக்கிறார்கள். இதை மறந்தபோதெல்லாம் முடிவுகள் ஒன்றோடொன்று முரண்பட்டன.

நோயின் இயல்பு

சோதனை ஏன் கடினமாகிறது என்று விளங்க, நோயைப் பற்றிச் சிலவற்றை அறிய வேண்டும். சிரங்கை உண்டாக்குவது அரை மில்லிமீற்றருக்கும் குறைந்த நீளமுள்ள ஓர் உண்ணி. பெண் உண்ணி தோலின் மேலடுக்கில் சிறு சுரங்கம் தோண்டி, அதற்குள் முட்டையிடும். மூன்று நான்கு நாட்களில் முட்டை பொரிக்கும். விரல் இடுக்கு, மணிக்கட்டு, அக்குள், இடுப்பு, பிறப்புறுப்பு ஆகியவை அதற்குப் பிடித்த இடங்கள்.

அரிப்பு என்பது உண்ணிக்கும் அதன் முட்டைக்கும் கழிவுக்கும் நம் உடல் காட்டும் எதிர்ப்பு. முதல் முறை தொற்றும்போது இந்த எதிர்ப்பு உருவாக மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். அந்த வாரங்களில் ஒருவர் அரிப்பே இல்லாமல் மற்றவர்களுக்குப் பரப்பிக்கொண்டிருப்பார். இரண்டாம் முறை தொற்றினால் ஓரிரு நாளிலேயே கடி தொடங்கிவிடும். உண்ணிகள் எல்லாம் செத்த பின்பும், அவற்றின் எச்சங்கள் தோலோடு உதிரும் வரை இரண்டு முதல் நான்கு வாரம் அரிப்பு நீடிக்கும். ஆகவே அரிப்பு இல்லாதவருக்கும் நோய் இருக்கலாம், அரிப்பு உள்ளவர் குணமானவராகவும் இருக்கலாம். அரிப்பை மட்டும் அளவுகோலாக வைத்து ஒரு மருந்தை எடைபோட்டால் முடிவு பிழைத்துவிடும்.

சென் லூயி: பிழையும் திருத்தமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிரங்குக்கு உண்ணிதான் காரணமா என்பதே விவாதத்தில் இருந்தது. 1687இலேயே இத்தாலியில் பொனோமோ, செஸ்தோனி இருவரும் அந்த உண்ணியை விவரித்திருந்தும், பெரும்பாலான மருத்துவர்கள் இரத்தக் கேடு, உடல் நீர்களின் சீர்கேடு என்றே நம்பினார்கள். 1812இல் சென் லூயியின் மருந்தாளர் கலேஸ், தாம் உண்ணியைக் கண்டதாகத் தமது பட்ட ஆய்வில் எழுதிப் படமும் வரைந்து வெளியிட்டார். பிறர் தேடியபோது அது கிடைக்கவில்லை. அவர் வரைந்திருந்தது பாலாடைக்கட்டியில் வாழும் உண்ணி என்று பின்னர் ரஸ்பாய் என்ற அறிவியலாளர் எடுத்துக்காட்டினார். உண்ணியைக் காட்டுபவருக்குப் பணப் பரிசு என்று லுகோல் என்ற மருத்துவர் அறிவிக்கும் அளவுக்கு ஐயம் வளர்ந்தது.

ஐயத்தைத் தீர்த்தவர் ஒரு மாணவர். கோர்சிகா தீவிலிருந்து வந்த ரெனூச்சி, தம் ஊர்ப் பெண்கள் ஊசி முனையால் உண்ணியைக் கிண்டி எடுப்பதைச் சிறு வயதில் கண்டிருந்தார். 1834 ஓகஸ்ட்டில் சென் லூயியில் எல்லோர் முன்னிலையிலும் அவர் அதையே செய்து காட்டினார். படித்தவர்கள் சீழ்க் கொப்புளத்துக்குள் தேடினார்கள். அந்த ஊர்ப் பெண்களோ உண்ணி சுரங்கத்தின் கடைக்கோடியில் இருப்பதை அறிந்திருந்தார்கள். வீட்டில் நோயைப் பார்த்துப் பழகிய கண்ணின் அறிவு மருத்துவமனைக்குள் நுழைந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலான குழப்பத்தைத் தீர்த்தது.

உண்ணி எங்கே வாழ்கிறது என்பது உறுதியானதும் சிகிச்சையும் மாறியது. அதற்கு முன் கந்தகப் புகைப் பெட்டிக்குள் நோயாளியைத் திரும்பத் திரும்ப உட்கார வைத்தார்கள். கொப்புளம் தெரியும் இடத்தில் மட்டும் மருந்து தடவினார்கள். உடல் முழுவதும் பூசினால்தான் பயன் என்று பசான் என்ற மருத்துவர் வலியுறுத்தினார். 1850களின் தொடக்கத்தில் ஆர்தி என்ற இன்னொரு மருத்துவர் அதை ஓர் ஒழுங்கு முறையாக்கினார். அரை மணி நேரம் சவர்க்காரம் போட்டுத் தேய்ப்பு, ஒரு மணி நேரம் குளியல், பிறகு அரை மணி நேரம் எல்மெரிக் களிம்பை உடலெங்கும் தேய்ப்பது. இரண்டு மணி நேரத்தில் சிகிச்சை முடிந்துவிடும். இந்த முறைக்கு 'ஃப்ரோத்', அதாவது தேய்ப்பு, என்று பெயர்.

அந்தக் களிம்பில் புதிய மருந்து எதுவும் இல்லை. கந்தகம், பொட்டாசியம் காபனேற்று, பன்றிக் கொழுப்பு, அவ்வளவுதான். நம் சித்த மருத்துவர்கள் காலங்காலமாகக் கையாண்ட அதே கந்தகம். பழைய மருந்தை உடல் முழுவதும், முறையாக, மருத்துவமனையின் கண் முன்னால் தேய்த்ததுதான் வெற்றிக்குக் காரணம். பூசும் கை மாறியதும் பழைய மருந்து புதிய பலன் தந்தது.

ஷெஃபீல்ட்: போர்வையா, உடலா?

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியப் படையிலும் ஊர்களிலும் சிரங்கு பெருகியது. 1941இல் ஷெஃபீல்ட் நகரில் பூச்சியியலாளர் கெனத் மெலன்பி ஒரு சோதனையைத் தொடங்கினார். ஆயுதம் ஏந்த மறுத்த இளைஞர்கள் தாமாக முன்வந்து நோயை ஏற்றார்கள். நோயாளிகள் பயன்படுத்திய உள்ளாடையை உடுத்தார்கள். அவர்களது போர்வையில் உடையின்றிப் படுத்தார்கள். அப்படியும் மிக அரிதாகவே நோய் தொற்றியது. நோயாளியோடு ஒரே படுக்கையில் உடல் பட உறங்கியபோது தொற்றியது. போர்வைகளை நீராவியில் வேகவைக்க அரசு செலவிட்ட உழைப்பில் பெரும்பகுதி தேவையற்றது என்று மெலன்பி காட்டினார்.

அவரது இன்னொரு கணக்கு இன்றும் பாடநூல்களில் இருக்கிறது. 886 ஆண்களின் உடலில் உண்ணிகளைத் தேடி எடுத்து எண்ணியபோது, ஒருவருக்குச் சராசரியாகப் பதினொரு பெண் உண்ணிகளே இருந்தன. தூக்கமில்லாத இரவுகளுக்கும் சொறிந்த புண்களுக்கும் காரணம் இந்தப் பதினொன்றுதான். களிம்பு எட்டாத ஒரு விரல் இடுக்கில் ஒரே ஒரு பெண் உண்ணி தப்பினாலும் நோய் மறுபடி துளிர்க்கும் என்பது இதிலிருந்து விளங்கும்.

அந்த இளைஞர்கள் பட்ட வேதனையை நாம் மறக்கக் கூடாது. பல மாதம் அவர்கள் நோயைச் சுமந்து திரிந்தார்கள். இன்றைய நெறிமுறை அத்தகைய சோதனையை எளிதில் அனுமதிக்காது. பென்சைல் பென்சோயேற் திரவத்தை உடல் முழுவதும் ஒழுங்காகப் பூசினால் நோய் நீங்கும் என்ற உறுதி, பெரும்பாலும் அந்தப் போர்க்கால ஆய்வுகளிலிருந்துதான் நமக்குக் கிடைத்தது.

நான்கு மருந்துகள், முரண்படும் எண்கள்

கந்தகத்துக்குப் பின் வந்தவை பல. பென்சைல் பென்சோயேற் பிரான்ஸில் 'அஸ்காபியோல்' என்ற பெயரில் தலைமுறைகளாகப் பழக்கமானது. லின்டேன் மலிவானது, வேலை செய்தது; ஆனால் நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நஞ்சு என்பதால் பல நாடுகள் அதைக் கைவிட்டன. 5 சதவீதப் பெர்மெத்ரின் களிம்பு 1980களின் இறுதியிலிருந்து படிப்படியாக உலகின் முதல் தெரிவானது. பிரான்ஸில் அது பரவலானது 2010களின் நடுப்பகுதியில்தான். வாயால் விழுங்கும் ஐவர்மெக்டின் மாத்திரை நான்காவது. அதைக் கண்டறிந்ததற்காக கேம்பல், ஓமுரா இருவருக்கும் 2015இல் நோபல் பரிசு கிடைத்தது.

இவற்றுள் எது மேல்? எண்களைப் பாருங்கள். 2018இல் வெளிவந்த கொக்ரேன் தொகுப்பாய்வு 15 சோதனைகளையும் 1,896 நோயாளிகளையும் ஒன்றுசேர்த்தது. முதல் வார முடிவில் பெர்மெத்ரின் பூசியோரில் 65 சதவீதமும், ஐவர்மெக்டின் விழுங்கியோரில் 43 சதவீதமும் முழுதாய்க் குணமடைந்திருந்தார்கள். இரண்டாம் வாரத்தில் அது 74க்கு 68. நாள் போகப் போக வேறுபாடு மங்கிவிடுகிறது.

செனகலின் டக்கார் நகரில் நடந்த சோதனை 2009இல் வெளியானது. அங்கே பென்சைல் பென்சோயேற்றை இருமுறை பூசியவர்களில் 14ஆம் நாளில் 68.8 சதவீதம் குணம். அதே மருந்தை ஒருமுறை மட்டும் பூசியவர்களில் 54.4 சதவீதம். ஐவர்மெக்டின் ஒரு வேளை விழுங்கியவர்களில் 24.6 சதவீதம் மட்டுமே. மாத்திரை முட்டையைக் கொல்வதில்லை. முட்டை பொரித்த பின் இரண்டாம் வேளை கொடுக்க வேண்டும். சரியான முறையில் கொடுக்காத மருந்து தோற்றதை அந்த மருந்தின் தோல்வி என்று எழுதிவிட முடியாது.

ஆஸ்திரியாவில் 110 பேரிடம் நடந்து 2024இல் வெளியான சோதனை இன்னும் அதிர்ச்சி தந்தது. யாருக்கு எந்த மருந்து என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாதபடி மறைத்து நடத்தப்பட்டது அது. பெர்மெத்ரின் பூசியோரில் 27 சதவீதமும், 25 சதவீதப் பென்சைல் பென்சோயேற் பூசியோரில் 87 சதவீதமும் குணம். உலகின் முதல் தெரிவு என்று கொண்டாடிய களிம்பு, பாட்டன் காலத்து மருந்திடம் தோற்றது. பெர்மெத்ரினைத் தாங்கி வாழும் மரபணு மாற்றம் ஐரோப்பிய உண்ணிகளில் தென்படுவதாக ஆய்வாளர்கள் எழுதி வருகிறார்கள்.

ஒரே மருந்துக்கு ஏன் இத்தனை வேறு முடிவுகள்? காரணங்களைப் பிரித்துப் பார்க்கலாம். முதலாவது, 'குணம்' என்பதை எந்த நாளில் அளந்தார்கள் என்பது. ஏழாம் நாளில் அளந்தால் மிச்ச அரிப்பு நல்ல மருந்தையும் தோற்கடிக்கும். இருபத்தெட்டாம் நாளில் அளந்தால் வீட்டிலிருந்து மறுபடி தொற்றியவரும் தோல்விக் கணக்கில் சேர்வார். இரண்டாவது, நோயை எப்படி உறுதிசெய்தார்கள் என்பது. கண்ணால் பார்த்துச் சொன்னார்களா, உருப்பெருக்கியில் உண்ணியைக் கண்டார்களா? இதற்கு உலகப் பொது வரையறை ஒன்று வகுக்கப்பட்டதே அண்மையில், 2020 அளவில்தான். மூன்றாவது, மறைப்பு. கந்தகம் நாறும், பென்சைல் பென்சோயேற் எரிக்கும். தமக்குக் கிடைத்த மருந்து எது என்று நோயாளி மூக்காலும் தோலாலும் கண்டுபிடித்துவிடுவார். நான்காவது, அளவு. வளர்ந்த ஒருவரின் உடல் முழுவதற்கும் ஏறத்தாழ ஒரு முழுக் குழாய், 30 கிராம், களிம்பு வேண்டும். ஒரு குழாயை மூன்று பேர் பங்குபோட்டால் மூவருக்கும் அரைகுறைதான். ஐந்தாவது, வீட்டில் இருந்த மற்றவர்களுக்கும் அதே நாளில் சிகிச்சை நடந்ததா என்பது.

இந்த ஐந்தில் கடைசி இரண்டும் மருந்தைப் பற்றியவையே அல்ல. பூசும் கையையும் வாழும் வீட்டையும் பற்றியவை.

வேப்பிலையும் மஞ்சளும்

நம் சனத்திடம் இந்தப் பேச்சை எடுத்தால், வேப்பிலை அரைத்துப் பூசினால் போதாதா என்று யாராவது கேட்பார். மதிப்போடு பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது. 1992இல் சார்ல்ஸ் என்ற பெயர் கொண்ட இரு இந்திய ஆய்வாளர்கள், சித்த, ஆயுர்வேத மரபிலிருந்து எடுத்த வேப்பிலை மஞ்சள் விழுதை 814 பேருக்குப் பூசிப் பார்த்து வெளியிட்டார்கள். மூன்று முதல் பதினைந்து நாட்களில் 97 சதவீதம் பேர் குணமடைந்ததாகவும் பக்கவிளைவு எதையும் காணவில்லை என்றும் எழுதினார்கள். மேலும் ஆய்வு வேண்டும் என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள்.

97 சதவீதம் என்ற எண் மனத்தைக் கவரும். ஆனால் அதை முன்னோடி ஆய்வு என்றே கொள்ள வேண்டும். ஒரு சாராருக்கு விழுது, இன்னொரு சாராருக்கு வேறு மருந்து என்று குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்ட சோதனை அல்ல அது. ஒப்பீடு இல்லாமல் எத்தனை பேருக்குக் கொடுத்தாலும், குணமாக்கியது விழுதா, தினமும் குளித்துத் தேய்த்த ஒழுங்கா, வீட்டார் எல்லோரும் சேர்ந்து பூசியதா என்று பிரித்தறிய முடியாது. கோர்சிகப் பெண்களின் ஊசியைச் சென் லூயி எல்லோர் முன்னிலையிலும் சோதித்தது. அந்த மரியாதையை நம் வேப்பிலைக்கும் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உள்ள மருத்துவக் கல்லூரிகள் தர வேண்டும். நேர்மையான ஒப்பீட்டுச் சோதனையில் அது வென்றால் மலிவான மருந்து ஒன்று ஏழைகளுக்குக் கிடைக்கும். தோற்றால் குழந்தைகளின் புண்கள் வீணாக வளர்வதாவது நிற்கும். அதுவரை, உறுதியான மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் பாரிஸில் விழுதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது.

ஒரு தீவு முழுவதும்

வீட்டின் வலிமையைக் காட்டும் இரண்டு ஆய்வுகளைச் சொல்ல வேண்டும். பனாமாவின் சான் பிளாஸ் தீவுகளில் ஒன்றில் 1980களில் மூன்றில் ஒருவருக்குச் சிரங்கு இருந்தது. தீவில் எல்லோருக்கும் பெர்மெத்ரின் களிம்பு பூசி, தொடர்ந்து கண்காணித்தார்கள். நோய் ஒரு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. மருந்து வரத்து தடைப்பட்டதும் மறுபடி ஏறியது.

ஃபிஜி தீவுகளில் நடந்து 2015இல் வெளியான சோதனை மூன்று வழிகளை ஒப்பிட்டது. நோய் கண்டவருக்கும் அவரது நெருங்கிய தொடர்புக்கும் மட்டும் சிகிச்சை தந்த இடத்தில் ஓராண்டில் நோய் 49 சதவீதம் குறைந்தது. எல்லோருக்கும் பெர்மெத்ரின் தந்த இடத்தில் 62 சதவீதம். எல்லோருக்கும் ஐவர்மெக்டின் தந்த இடத்தில் 94 சதவீதம். மாத்திரையை முன்னால் நிற்க வைத்து விழுங்கச் செய்யலாம். களிம்பை உடல் முழுவதும் பூசினார்களா என்று யார் போய்ப் பார்ப்பது? ஆனால் பதினைந்து கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு இந்த மாத்திரையை வழக்கமாகக் கொடுப்பதில்லை. கர்ப்பிணிகளுக்கும் பெரும்பாலும் தவிர்ப்பார்கள். ஆகவே பூச்சு மருந்தின் தேவை ஒருபோதும் மறையாது. 2017இல் உலக சுகாதார நிறுவனம் சிரங்கைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. எந்த நேரத்திலும் உலகில் 20 கோடிக்கு மேற்பட்டோரிடம் அது இருப்பதாக அந்த நிறுவனம் மதிப்பிடுகிறது.

பாரிஸில், நம் அறைகளில்

வெப்பமண்டலம் என்ற சொல்லைக் கேட்டு இது குளிர்நாட்டில் இல்லாத நோய் என்று எண்ணிவிடக் கூடாது. பாரிஸ் பகுதியில் வீடற்றவர்களிடையே 2011இல் நடந்த கணக்கெடுப்பு, விடுதிகளில் தங்குவோரில் 0.4 சதவீதத்தினரிடமும் தெருவிலும் பொது இடங்களிலும் உறங்குவோரில் 6.5 சதவீதத்தினரிடமும் சிரங்கைக் கண்டது. நகரம் ஒன்று, மருந்தும் ஒன்று. தலைக்கு மேல் கூரை இருப்பதும் இல்லாததும் மட்டுமே வேறுபாடு.

நம்மவர் வாழ்வு இந்த இரண்டுக்கும் நடுவில் பல படிகளில் இருக்கிறது. வந்த புதிதில் ஓர் அறைக்குள் ஐந்தாறு பேர். இரவு வேலைக்காரர் எழுந்த மெத்தையில் பகல் வேலைக்காரர் படுப்பார். அங்கே ஒருவருக்குக் கடி தொடங்கினால் மற்றவர்களுக்கும் தொற்றியிருக்க வாய்ப்பு மிகுதி. அரிப்பு மட்டும் இன்னும் தொடங்கியிராது. அவர் வெட்கப்பட்டு, யாருக்கும் சொல்லாமல் பாமசியில் ஒரு குழாய் வாங்கி, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பூசுவார். ஒரு வாரம் ஆறுதல், பிறகு அதே கடி. மருந்து சரியில்லை என்று இன்னொன்றுக்கு மாறுவார். மருந்து தன் வேலையைச் செய்துவிட்டது. அறைதான் அவருக்கு நோயைத் திருப்பித் தந்தது.

சிரங்கு அழுக்கின் நோய் என்ற பழியும் இந்த மறைப்புக்குத் துணைபோகிறது. நாளுக்கு இருமுறை குளிப்பவருக்கும் அது வரும். நெருக்கமாக வாழ்வதும், பிள்ளையை அணைத்து உறங்குவதும், கைபிடித்து நடப்பதும்தான் அதற்கு வழி. அன்பாலும் வறுமையாலும் பரவும் நோயை ஒழுக்கக் குறையாகப் பார்ப்பது கொடுமை.

முடிவு

இருநூறு ஆண்டுச் சோதனைகளிலிருந்து நான் பெறும் தீர்ப்பு இது. எல்லா இடத்திலும் எல்லாக் காலத்திலும் வெல்லும் பூச்சு மருந்து ஒன்று இல்லை. பெர்மெத்ரின், பென்சைல் பென்சோயேற், கந்தகம் மூன்றும் உண்ணியைக் கொல்லவல்லவை. ஒன்று பலனளிக்காமல் போனால் மருத்துவர் மற்றொன்றுக்கு மாற்றலாம், மாத்திரையோடு சேர்த்தும் தரலாம். இனி வரும் சோதனைகள் ஒவ்வொன்றும் களிம்பின் பெயரோடு நில்லாமல், எத்தனை முறை பூசினார்கள், வீட்டில் எத்தனை பேர், எல்லோரும் ஒரே நாளில் பூசினார்களா என்பதையும் எழுத வேண்டும். அவை இல்லாத சதவீதம் பாதி உண்மைதான்.

வாசகர்களிடம் கேட்டுக்கொள்வது இதைத்தான். இரவில் மிகும் கடி இருந்தால், அதுவும் வீட்டில் இன்னொருவருக்கும் இருந்தால், மருத்துவரிடம் போங்கள். மருத்துவ அட்டை இல்லாதவர்களையும் பார்ப்பதற்கென 'பாஸ்' என்ற பிரிவு பல அரச மருத்துவமனைகளில் உண்டு; அறை நண்பருக்கு அதைச் சொல்லுங்கள். ஒரே கூரையின் கீழ் இருக்கும் அனைவரும், கடி இல்லாதவர்களும், ஒரே நாளில் சிகிச்சை எடுங்கள். கழுத்திலிருந்து கால் வரை, விரல் இடுக்கு, நகத்தின் அடி, தொப்புள், மறைவிடம் எதையும் விடாமல் பூசுங்கள். கைக்குழந்தைக்குத் தலையிலும் பூச வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஏழு முதல் பதினான்கு நாட்களுக்குள் மருத்துவர் சொன்னபடி இரண்டாம் முறையும் செய்யுங்கள். அண்மையில் பயன்படுத்திய உடுப்பையும் விரிப்பையும் 60 பாகையில் துவையுங்கள். துவைக்க முடியாததைப் பையில் கட்டி மூன்று நாள் ஒதுக்கி வையுங்கள். அதன் பின்னும் சில வாரம் அரிப்பு இருந்தால் அஞ்சாதீர்கள், மருந்தை அள்ளி அள்ளிப் பூசாதீர்கள். திரும்பப் போய்க் காட்டுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், அறையில் இருப்பவர்களிடம் வாய் திறந்து சொல்லுங்கள். மருந்து வேலை செய்யத் தொடங்குவது அங்கேதான்.